பெரி ஆண்டர்சனும் இந்தியத் தேசியக் கருத்தியலும்: ஒரு விமர்சனப் பார்வை

‘தி இந்தியன் ஐடியாலஜி’ (இந்தியக் கருத்தியல்) என்பது பிரித்தானிய மார்க்சிய வரலாற்றாசிரியர் பெரி ஆண்டர்சன் எழுதிய சிறு நூல். 2012 சூலை, ஆகத்து மாதங்களில் ‘லண்டன் ரிவ்யூ ஆஃப் புக்ஸ்’ இதழில் மூன்று நீண்ட கட்டுரைகளாக வெளிவந்து, அதே ஆண்டில் இந்தியாவில் நூலாக்கம் பெற்றது. விடுதலை, பிரிவினை, குடியரசு என்ற மூன்று பகுதிகளில் காந்தி காலத்துக் காங்கிரசு முதல் இன்றைய இந்திய அரசு வரையிலான வரலாற்றை அது மறுபரிசீலனை செய்கிறது. நூல் வெளிவந்ததும் கடும் எதிர்ப்பும் பெரும் வரவேற்பும் ஒருசேரக் கிளம்பின. அதன் வாதம் என்ன, அதில் எது நிற்கும், எது நிற்காது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆசிரியரும் தலைப்பும்

1938இல் இலண்டனில் பிறந்த ஆண்டர்சன், ‘நியூ லெஃப்ட் ரிவ்யூ’ இதழின் ஆசிரியராக 1962இல் பொறுப்பேற்றவர். 1974இல் வெளிவந்த இரு நூல்கள் அவருக்கு உலகப் புகழைத் தந்தன. ஒன்று பழங்காலத்திலிருந்து நிலப்பிரபுத்துவத்துக்கு ஐரோப்பா மாறியதைப் பற்றியது. மற்றொன்று முற்றதிகார முடியரசுகளின் தோற்றத்தைப் பற்றியது. தேசம் என்பதைக் ‘கற்பிதம் செய்யப்பட்ட சமூகம்’ என்று விளக்கிய பெனடிக்ட் ஆண்டர்சன் இவருடைய அண்ணன்.

நூலின் தலைப்பு, மார்க்சும் எங்கெல்சும் 1845–46இல் எழுதிய ‘ஜெர்மானியக் கருத்தியல்’ நூலை நினைவூட்டுவது. தம் காலத்து ஜெர்மானியச் சிந்தனையாளர்கள் கருத்துகளின் உலகத்திலேயே சுழன்றுகொண்டு நடப்பைக் காணத் தவறினார்கள் என்பது அந்நூலின் குற்றச்சாட்டு. அதே குற்றச்சாட்டை இன்றைய இந்தியத் தாராளவாத அறிவாளர்கள் மீது வைக்கிறார் ஆண்டர்சன். சுனில் கில்நானியின் ‘இந்தியா என்ற கருத்து’ (1997), அமர்த்தியா சென்னின் ‘வாதிடும் இந்தியர்’ (2005), இராமச்சந்திர குகாவின் ‘காந்திக்குப் பின் இந்தியா’ (2007) ஆகியவை அவர் எடுத்துக்கொள்ளும் நூல்களுள் அடங்கும். இவர்கள் தத்தம் துறையில் அறிஞர்கள் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் மக்களாட்சி, மதச்சார்பின்மை, வேற்றுமையில் ஒற்றுமை என்ற மூன்றையும் போற்றிப் பேசும்போது இவர்கள் குரலில் ஆய்வாளர் மறைந்து பக்தர் தோன்றுகிறார் என்பது அவர் கருத்து. அந்தப் போற்றுதலுக்கு அடியில் கிடக்கும் வரலாற்றை வெளியே எடுப்பதே நூலின் நோக்கம்.

முதல் வாதம்: காந்தியும் மதமும்

இந்தியா தொன்றுதொட்டு ஒரே நாடு என்ற நம்பிக்கையிலிருந்து ஆண்டர்சன் தொடங்குகிறார். நேருவின் ‘கண்டுணர்ந்த இந்தியா’ (1946) இந்த நம்பிக்கையின் செவ்வியல் வடிவம். ஆனால் துணைக்கண்டம் முழுவதையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்தது ஆங்கிலேய ஆட்சிதான். தேசம் என்ற கருத்தும் அந்த ஆட்சியின் வழியே வந்ததுதான் என்கிறார் அவர்.

அந்தத் தேசத்துக்கு மக்கள் திரளைக் கொண்டுவந்து சேர்த்தவர் காந்தி. அமைப்பாளர், நிதி திரட்டுபவர், பரப்புரையாளர் என்ற மூன்று நிலைகளிலும் காந்தியின் திறமையை ஆண்டர்சன் தாராளமாக ஒப்புக்கொள்கிறார். அவர் கேட்கும் கேள்வி வேறு: மக்களை எந்த மொழியில் காந்தி அழைத்தார்? இராமராச்சியம், பசுப் பாதுகாப்பு, நோன்பு, ஆசிரமம் என்று இந்துச் சமயச் சொற்களாலேயே அந்த அழைப்பு அமைந்தது. கேட்ட இந்துக்களுக்கு அது நெருக்கமாக இருந்தது. முஸ்லிம்களுக்கு அந்நியமாக இருந்தது. கிலாபத் இயக்கத்தோடு சேர்ந்து 1920இல் தொடங்கிய ஒத்துழையாமை இயக்கம் இருதரப்பையும் ஒன்றாக நிறுத்தியது உண்மை. ஆனால் சௌரி சௌராவில் காவலர்கள் கொல்லப்பட்டதும், 1922 பிப்ரவரியில் காந்தி யாரையும் கலக்காமல் இயக்கத்தை நிறுத்தினார். அந்த ஒற்றுமை திரும்பவே இல்லை. 1930களின் நடுவில் காங்கிரசு உறுப்பினர்களில் முஸ்லிம்கள் 3 விழுக்காட்டினரே என்று ஆண்டர்சன் எடுத்துக்காட்டுகிறார்.

இதைவிடக் கடுமையானது பூனா ஒப்பந்தம் குறித்த பகுதி. 1932 ஆகத்தில் பிரித்தானிய அரசு தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி அளித்தது. எரவாடா சிறையிலிருந்த காந்தி அதை எதிர்த்துச் செப்டம்பர் 20 அன்று சாகும்வரை உண்ணாநோன்பு தொடங்கினார். நான்கு நாள்களில் அம்பேத்கர் பணிய நேர்ந்தது. தனித்தொகுதியில் 71 இடம் என்றிருந்தது, பொதுத்தொகுதியில் 148 ஒதுக்கீட்டு இடம் என்று மாறியது. எண்ணிக்கை இரட்டிப்பானது. ஆனால் யார் வாக்கால் அந்த உறுப்பினர் வெல்கிறார் என்பதே அதிகாரத்தைத் தீர்மானிக்கும். சாதி இந்துக்களின் வாக்கை நம்பி நிற்பவர் அவர்களுக்கு எதிராகப் பேச முடியாது. அம்பேத்கர் 1945இல் எழுதிய, காங்கிரசும் காந்தியும் தீண்டப்படாதோருக்குச் செய்தது என்ன என்ற நூல் விளக்கிய இந்த உண்மையை ஆண்டர்சன் உலக வாசகர்முன் மீண்டும் வைக்கிறார்.

இரண்டாம் வாதம்: பிரிவினைக்கு யார் பொறுப்பு?

பள்ளிப் பாடநூல்கள் பிரிவினைக்கான பழியை ஜின்னாவின் பிடிவாதத்தின் மீதும் ஆங்கிலேயரின் பிரித்தாளும் சூழ்ச்சியின் மீதும் போடுகின்றன. ஆண்டர்சனோ அதில் பெரும்பங்கைக் காங்கிரசுத் தலைமையிடம் காண்கிறார். 1937 மாகாணத் தேர்தலில் முஸ்லிம்களுக்கென ஒதுக்கிய 482 இடங்களில் காங்கிரசு போட்டியிட்டது 58இல், வென்றது 26இல். அப்படியிருந்தும் தானே இந்தியர் அனைவரின் ஒரே பிரதிநிதி என்று அது உரிமை கொண்டாடியது. ஐக்கிய மாகாணத்தில் முஸ்லிம் லீக்குடன் ஆட்சியைப் பகிர்ந்துகொள்ளும் பேச்சு முறிந்தது. அன்று வலுவற்றிருந்த லீக், 1945–46 தேர்தலில் மத்தியச் சட்டமன்றத்தின் 30 முஸ்லிம் இடங்களையும் வென்றது. இடைப்பட்ட எட்டாண்டுகளில் நடந்தவற்றுக்குக் காங்கிரசும் கணக்குச் சொல்ல வேண்டும் என்பதே அவர் வாதம்.

1946இல் அமைச்சரவைத் தூதுக்குழு ஒரே இந்தியாவுக்குள் மாகாணத் தொகுதிகளுக்கு அதிகாரம் தரும் திட்டத்தை முன்வைத்தது. லீக் அதை ஏற்றது. காங்கிரசும் தன் விளக்கங்களோடு ஏற்றது. ஆனால் சூலையில் நேரு, அரசியல் நிர்ணய சபையில் தாங்கள் எதற்கும் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்ற பொருளில் பேசியதும் உடன்பாடு குலைந்தது. வலுவான மைய அரசா, பிளவுபடாத நாடா என்ற கேள்வி வந்தபோது காங்கிரசுத் தலைமை வலுவான மையத்தையே தேர்ந்தது என்கிறார் ஆண்டர்சன். 1947இல் சரத் போசும் சுராவர்தியும் முன்வைத்த ஒன்றுபட்ட வங்கத் திட்டம் கைவிடப்பட்டதும் இதே வரிசையில் சேரும்.

இந்த வாதம் ஆண்டர்சனுக்கே உரியதன்று. ஆயிஷா ஜலால் 1985இல் வெளியிட்ட ஜின்னா பற்றிய ஆய்வு இதற்கு அடித்தளமிட்டது. ஆண்டர்சன் அதைக் கூர்மையாக்கினார். ஆனால் தேவைக்கு மேலும் கூர்மையாக்கிவிட்டார். 1946 ஆகத்து 16 ‘நேரடி நடவடிக்கை நாள்’ கல்கத்தாவைக் குருதியில் மூழ்கடித்தபோது லீக்கின் பொறுப்பு என்ன? பஞ்சாபில் படைகலைந்த சிப்பாய்களும் உள்ளூர்ப் பகைகளும் ஆயுதக் குழுக்களும் ஆற்றிய பங்கு என்ன? தலைவர்களின் மேசைப் பேச்சுகளை மட்டும் பின்தொடரும் எழுத்தால் இக்கேள்விகளுக்கு விடை தர இயலாது.

மூன்றாம் வாதம்: குடியரசின் அடித்தளம்

மூன்றாம் பகுதிதான் இன்றைய வாசகருக்கு மிகவும் பயன்படுவது. அரசியல் நிர்ணய சபை அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. சொத்தும் கல்வியும் உள்ள சிறுபான்மையோரின் வாக்கில் அமைந்த மாகாண சட்டமன்றங்களே அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தன. அது உருவாக்கிய சட்டத்தின் கணிசமான பகுதி 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டது. மாநில அரசைக் கலைக்கும் அதிகாரமும், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் அதிகாரமும் காலனி ஆட்சியின் எச்சங்களாகத் தொடர்ந்தன. 1957இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கேரளப் பொதுவுடைமை அரசு 1959இல் கலைக்கப்பட்டது. அப்போது பிரதமர் நேரு.

தேர்தல் முறையும் ஆளுங்கட்சிக்கே கைகொடுத்தது. 1951–52 முதல் பொதுத்தேர்தலில் காங்கிரசு பெற்ற வாக்கு ஏறத்தாழ 45 விழுக்காடு. பெற்ற இடங்கள் 489இல் 364, அதாவது முக்கால் பங்கு. நேரு காலத்தில் நடந்த மூன்று பொதுத்தேர்தல்களில் ஒன்றில்கூட அக்கட்சி பாதி வாக்கைத் தொடவில்லை.

அப்படியானால் வறுமையும் ஏற்றத்தாழ்வும் மிகுந்த நாட்டில் மக்களாட்சி எப்படி நிலைத்தது? சாதியால்தான் என்பது ஆண்டர்சனின் விடை. ஏழைகள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும், சாதி அவர்களைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரித்து வைத்திருந்தது. எனவே அனைவருக்கும் வாக்குரிமை அளித்தாலும் மேல்தட்டுக்கு ஆபத்து வரவில்லை.

மதச்சார்பின்மை பற்றியும் அவர் இதே நேர்மையோடு பேசுகிறார். பசுவதைத் தடையை அரசின் நெறியாக்கும் 48ஆம் பிரிவு அரசியல் சட்டத்திலேயே உண்டு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. பின்னர் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். கிறித்தவத்துக்கும் இசுலாத்துக்கும் மாறிய தலித்துகள் இன்றும் வெளியே நிற்கிறார்கள். 1948இல் ஐதராபாத்தை இந்திய இராணுவம் கைப்பற்றியபின் நடந்த முஸ்லிம் படுகொலைகளை ஆராய்ந்த சுந்தர்லால் குழு, உயிரிழந்தோர் 27 ஆயிரம் முதல் 40 ஆயிரம் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டது. அந்த அறிக்கை பல பத்தாண்டுகள் வெளியிடப்படவில்லை. 2006இல் வந்த சச்சார் குழு அறிக்கை, மக்கள்தொகையில் 13.4 விழுக்காடான முஸ்லிம்கள் இந்திய ஆட்சிப் பணியில் 3 விழுக்காடும் காவல் பணியில் 4 விழுக்காடும்தான் என்று காட்டியது. 1958இல் வடகிழக்கிலும் 1990இல் காசுமீரிலும் நடைமுறைக்கு வந்த ஆயுதப்படைச் சிறப்பதிகாரச் சட்டங்களையும் சேர்த்துப் பார்த்தால், ‘வேற்றுமையில் ஒற்றுமை’ எந்த விளிம்பில் துப்பாக்கியால் காக்கப்படுகிறது என்பது புலப்படும்.

முன்னோடிகள் எங்கே?

இந்த நூலுக்குப் பார்த்தா சட்டர்ஜி, சுதிப்தா கவிராஜ், நிவேதிதா மேனன் ஆகிய மூவர் எழுதிய மறுப்புகள் 2015இல் ஒரே தொகுப்பாக வெளிவந்தன. மூவரும் காங்கிரசு ஆதரவாளர்கள் அல்லர். இந்தியத் தேசியத்தைக் கடுமையாக விமர்சித்தவர்கள். ஆண்டர்சன் சொல்வதில் பெரும்பகுதியை இந்திய இடதுசாரிகளும் பெண்ணியரும் தலித் அறிஞர்களும் முன்பே சொல்லிவிட்டார்கள் என்பது அந்த மறுப்புகளில் எழும் முக்கியமான ஆட்சேபம்.

இது நியாயமான ஆட்சேபம். நேருவின் நூல் வெளிவந்த அதே 1946இல் டி. டி. கோசாம்பி அதற்கு எழுதிய மதிப்புரையில், அது இந்திய முதலாளி வர்க்கம் வயதுக்கு வந்ததன் அடையாளம் என்றார். ஏ. ஆர். தேசாய் 1948இல் இந்தியத் தேசியத்தின் சமூகப் பின்னணியை எழுதினார். ரணஜித் குகா 1982இல் தொடங்கிய அடித்தள மக்கள் ஆய்வுகள், வரலாறு மேட்டுக்குடியின் கதையாகவே எழுதப்பட்டதைக் கேள்விக்குள்ளாக்கின. ஜி. அலாய்சியஸ் 1997இல் எழுதிய நூல், சாதி ஆதிக்கத்தைக் காத்துக்கொண்டே நடந்த தேசியம் ஒரு தேசத்தை உருவாக்க முடியாமல் போனது என்று வாதிட்டது.

இந்த மரபை அறியாத வாசகர், இந்தியாவின் பொய்களைக் கண்டுபிடிக்க இலண்டனிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது என்ற முடிவுக்கு வந்துவிடக்கூடும். அது தவறான முடிவு. அயலார் என்பதால் ஆண்டர்சனுக்குப் பேச உரிமையில்லை என்று சொன்னவர்களும் உண்டு. அதுவும் அதே அளவு தவறு. ஒரு வாதம் யார் வாயிலிருந்து வருகிறது என்பது அதன் மெய்ம்மையைத் தீர்மானிக்காது. ஆனால் அவருடைய சான்றுகள் பெரும்பாலும் ஆங்கில நூல்கள் என்பதால், இந்திய மொழிகளில் நடந்த விவாதங்கள் அவர் கண்ணில் படாமல் போயின. இழப்பு அங்கேதான்.

தெற்கிலிருந்து ஒரு கேள்வி

அந்த இழப்பைத் தமிழ்நாட்டை வைத்தே காட்டலாம். 1925இல் காஞ்சிபுரம் காங்கிரசு மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட்டதும் பெரியார் அக்கட்சியை விட்டு வெளியேறினார். சாதியைக் காக்கும் பிரிவுகளை நீக்க வேண்டும் என்று கோரி 1957 நவம்பர் 26 அன்று அவருடைய இயக்கத்தினர் அரசியல் சட்டத்தை எரித்துச் சிறை சென்றனர். ஆண்டர்சன் 2012இல் எழுப்பிய கேள்விகளில் பலவற்றை இங்கே எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் பொதுக்கூட்டத்தில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள்.

அதோடு, இந்த வரலாறு ஆண்டர்சனின் சாதிக் கோட்பாட்டையும் திருத்தக் கோருகிறது. சாதி ஏழைகளைப் பிரித்தது என்பது உண்மை. ஆனால் சாதிக்கு எதிரான அணிதிரட்டலும் அதே தளத்தில்தான் நடந்தது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை 1951இல் உச்சநீதிமன்றம் செல்லாது என்றது. அதை எதிர்த்துத் தமிழ்நாட்டில் போராட்டம் வெடித்தது. அதே ஆண்டு முதல் திருத்தத்தின் வழியே 15(4) பிரிவு சேர்க்கப்பட்டு, கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது. பிற்படுத்தப்பட்ட சாதிகள் தனித்தனித் துண்டுகளாகவே கிடந்திருந்தால் இது நடந்திருக்காது.

மொழிச் சிக்கலும் அப்படித்தான். 1963இல் பிரிவினை கோருவதைத் தடுக்கும் 16ஆவது திருத்தம் வந்தது, தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. இதை மைய அரசின் வெற்றி என்று ஆண்டர்சன் பாணியில் எழுதிவிடலாம். ஆனால் 1965 மொழிப் போராட்டத்துக்குப் பிறகு மைய அரசு பின்வாங்கியது. 1967இல் காங்கிரசு தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்தது. அதே ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டு ஆங்கிலம் நீடிப்பதற்கான உறுதி சட்டத்தில் ஏறியது. மேலிருந்து வந்த சட்டம் கீழிருந்து வந்த போராட்டத்தால் வளைந்தது. ஆண்டர்சனின் சித்திரத்தில் அரசு மட்டுமே செயல்படுகிறது. மக்கள் ஏமாற்றப்படுகிறார்கள், அல்லது ஒடுக்கப்படுகிறார்கள். தெபாகா, தெலங்கானா உழவர் எழுச்சிகளுக்கும் இதே கதிதான் நேர்கிறது.

பாசாங்கும் வாக்குறுதியும்

நூலின் மையச் செய்தி, இந்துத்துவம் வானத்திலிருந்து குதிக்கவில்லை, அதன் விதைகள் காங்கிரசு வயலிலேயே இருந்தன என்பது. 2012க்குப் பிறகு நடந்தவை இதற்கு வலுச் சேர்த்திருக்கின்றன. 2019 ஆகத்தில் 370ஆவது பிரிவின் சிறப்புநிலை நீக்கப்பட்டபோது, அதற்கு முந்தைய அறுபது ஆண்டுகளில் காங்கிரசு ஆட்சிகளே அப்பிரிவை உள்ளீடற்றதாக்கியிருந்தன. அதே ஆண்டு திசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் மதத்தை அளவுகோலாக்கியது. 1950 ஆணை பட்டியல் சாதித் தகுதியில் முன்பே அதைச் செய்திருந்தது.

எனினும், விதை இருந்தது என்பதும் மரமும் விதையும் ஒன்றே என்பதும் வேறுவேறு. சமத்துவத்தை எழுத்தில் ஏற்றுக்கொண்டு நடைமுறையில் மீறும் அரசை அந்த எழுத்தைக் காட்டியே தட்டிக்கேட்கலாம். எழுத்திலேயே சமத்துவத்தை மறுக்கும் அரசிடம் அந்தப் பிடி இல்லை. குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரான போராட்டங்களில் மக்கள் கூடி அரசியல் சட்ட முகவுரையை உரக்கப் படித்தார்கள். அவர்களில் பலர் அந்தச் சட்டத்தால் ஏமாற்றப்பட்டவர்கள். அதைத் தெரிந்தேதான் படித்தார்கள். ஆளுவோர் அலங்காரமாக எழுதிவைத்த வாக்குறுதியை ஆளப்படுவோர் கடன்பத்திரமாக எடுத்து நீட்டிய தருணம் அது. கருத்தியல் என்பதை ஏமாற்று என்று மட்டும் காணும் ஆண்டர்சனின் முறையில் இத்தருணத்துக்கு இடமில்லை.

1947 ஆகத்து 15 பற்றித் திராவிட இயக்கத்துக்குள்ளேயே இந்த விவாதம் நடந்தது. அது துக்க நாள் என்றார் பெரியார். அதை இன்ப நாளாகக் கொள்ள வேண்டும் என்று அண்ணா வெளிப்படையாக மாறுபட்டார். வந்த விடுதலை யாருக்கு என்ற கேள்வியைப் பெரியார் விடவில்லை. குறையுள்ள விடுதலையும் பயன்படும் என்ற கணக்கை அண்ணா விடவில்லை. ஆண்டர்சனிடம் முதல் கேள்வி முழு வீச்சில் இருக்கிறது. இரண்டாவது இல்லை.

மதிப்பீடு

‘தி இந்தியன் ஐடியாலஜி’ இந்திய வரலாற்றின் முழுமையான நூலன்று. அப்படி அது உரிமை கோரவும் இல்லை. தேசப் பெருமிதம் எந்தெந்த உண்மைகளை மறைக்கிறது என்று காட்டும் குற்றப்பத்திரிகை அது. குற்றச்சாட்டுகளில் பூனா ஒப்பந்தம், அரசியல் சட்டத்தின் காலனித் தொடர்ச்சி, மதச்சார்பின்மையின் ஓட்டைகள், காசுமீரும் வடகிழக்கும் ஆகியவை சான்றுகளோடு நிற்கின்றன. பிரிவினைப் பழியைப் பெரும்பாலும் ஒரு கட்சி மேல் ஏற்றுவதும், சாதியைப் பிரிக்கும் ஆற்றலாக மட்டும் காண்பதும், மக்களின் செயலைக் கணக்கில் கொள்ளாததும் திருத்தப்பட வேண்டியவை.

மாணவர்கள் இந்நூலைத் தனியே படிக்காமல், அம்பேத்கரின் காங்கிரசு விமர்சனத்தோடும், 2015இல் வந்த மூவரின் மறுப்புகளோடும், தமிழில் கிடைக்கும் குடி அரசு, விடுதலை இதழ்க் கட்டுரைகளோடும் சேர்த்துப் படிப்பது நல்லது. அப்படிப் படித்தால், தேசத்தின் புனிதக் கதையை ஐயுறக் கற்றுத்தரும் இந்த ஆசிரியரையும் ஐயத்தோடு படிக்கும் பழக்கம் கைவரும்.